முதியோருக்கும் ஓர் ஆயாக் கொட்டகை: சுங்கை சிப்புட் வட்டாரக் கோயில் நிர்வாகங்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

மறதி நோய் (டிமென்ஷியா) கண்ட பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையைப் போல, இவர்களைப் பார்த்துக்கொள்ள உங்களிடம் கேட்பது இரண்டு: வாரத்தில் இரண்டு காலை மண்டபம், மாதம் 660 ரிங்கிட். இந்தத் தொகை எப்படி வந்தது, எதற்குப் போகும் என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம்.

முதலில் வெளியே என்ன விலை என்று பாருங்கள். இந்தோனேசியப் பணிப்பெண் என்றால், 2022 ஏப்ரலில் மலேசியாவும் இந்தோனேசியாவும் செய்த உடன்பாட்டின்படி சம்பளம் மட்டும் குறைந்தது 1,500 ரிங்கிட். ஏஜென்சிக் கட்டணம் பத்தாயிரத்தைத் தாண்டும்; லெவி (வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் வரி), மருத்துவப் பரிசோதனை, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் தனி. நகரத்துப் பராமரிப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் மணிக்கு 20 ரிங்கிட்டுக்கு மேல் கேட்கின்றன. ஒரு முறை வந்தால் இத்தனை மணி நேரம் என்று குறைந்தபட்சமும் வைத்திருக்கின்றன. ஈப்போவிலிருந்து தோட்டத்துக்குள் வரப் பெட்ரோல் காசு வேறு. மறதி நோயாளியை ஏற்கும் தனியார் இல்லத்தில் மாதம் 2,000 ரிங்கிட்டுக்குக் குறைந்து இடம் கிடைப்பது அரிது. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் தொழிற்சாலைக்குப் போகும் மகளுக்கு இதில் எதுவும் கட்டாது. கடைசியில் அவர்தான் வேலையை விடுகிறார்.

உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி, மணிக்கணக்கில் வீடுகளுக்குள் பகிர்ந்துகொள்வதே எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி. செலவு குறையும் என்பது பாதிக் காரணம்தான். நோய் முற்ற முற்ற, பெரும்பாலும் பிற்காலத்தில் கற்ற மலாய் முதலில் நழுவும், தாய்மொழி நிற்கும். பால்மரம் (ரப்பர்) வெட்டிய தாத்தா விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, “பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்க, கத்தி எங்க” என்று கதவைப் போட்டு உலுக்குவார். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். “நீங்க வேலையை விட்டு இருபது வருசமாச்சு” என்று திருத்தினால் கை ஓங்குவார். “ராத்திரி மழை தாத்தா, மரமெல்லாம் நனைஞ்சிருக்கு, இன்னைக்கு வெட்டு இல்ல” என்றால் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்பார். இந்தப் பதில் தோட்டத்தில் வளர்ந்தவருக்குத்தான் வாயில் வரும்.

கணக்கு இப்படி. மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு ஒரு பராமரிப்பாளர். காலை 7.30 முதல் 10.30 வரை ஒரு வீடு. அரை மணி இடைவெளி விட்டு, 11 முதல் 2 வரை அடுத்த வீடு. மணிக்கு 10 ரிங்கிட். 1,700 சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்தால் 8 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. அதைவிடக் கீழே போக எங்களுக்கு மனமில்லை, போனால் ஆளும் நிற்காது. மூன்று மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் ஒரு வீட்டுக்கு 660, இரண்டு வீட்டில் அவருக்கு 1,320. பெர்கேசோவின் (அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் திட்டத்தில் ஆண்டுக்கு 232 ரிங்கிட் 80 சென் கட்டிவிட்டால், மோட்டார் சைக்கிளில் போகும்போது விழுந்தாலும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. இதை இரண்டு வீடும் பாதிப் பாதி ஏற்க வேண்டும்.

நான்கு வீடு, இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஏற்பாடு குலைவது சம்பளத்தால் அல்ல. ஒருவருக்குக் காய்ச்சல் வரும் அன்றுதான் குலையும். அன்று மகள் வேலைக்குப் போக முடியாது. மாதத்தில் இரண்டு முறை நடந்தால் சூப்பர்வைசர் முகம் மாறிவிடும். ஆகவே பழகிய மூன்றாவது பெண் ஒருவர் மாற்றாளாக இருக்க வேண்டும். எந்தக் குடும்பமும் வராத ஆளுக்கு முன்கூட்டிக் காசு கொடுக்காது. உங்களிடம் கேட்கும் 660 அவருக்காகத்தான். மாதம் 66 மணி நேரம். அதில் சுமார் 22 மணி மண்டபக் காலைகளுக்கு, மீதி 44 மணி விடுப்பை ஈடுகட்ட.

பழக்குவதில் எதை விட்டாலும் குளிப்பாட்டுவதை விடக்கூடாது. அதிகச் சண்டை அங்கேதான். நின்றபடி தலையில் வாளித் தண்ணீரை ஊற்றினால் நோயாளிக்கு அது தாக்குதல். முதுகு சாயும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் ஒரு துண்டைப் போட்டு மறைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் காலில் தொடங்கி மெல்ல மேலே வர வேண்டும், தலை கடைசி. அவர் கையிலும் ஒரு சிறு துணியைக் கொடுத்துவிட்டால் தடுக்க வரும் கைக்கு வேலை கிடைக்கும். மறுத்தால் அரை மணி கழித்துக் கேட்கலாம். தினமும் தலைக்கு ஊற்றியே தீர வேண்டும் என்று வீட்டார் பிடிவாதம் பிடிப்பதால்தான் பல பெண்கள் வேலையை விட்டு ஓடுகிறார்கள்.

ஓடுவதற்கு இன்னொரு காரணம் திருட்டுப் பழி. வைத்த இடம் மறந்துபோகும் நோயில், “அவ எடுத்துட்டா” என்பது வந்தே தீரும் பேச்சு. முதல் நாளுக்கு முன்பே நகை, ரொக்கம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை மகன் அல்லது மகள் வீட்டுக்கு மாற்றி, எது எங்கே போனது என்று எழுதி, பராமரிப்பாளர் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். பாட்டி கழற்ற மறுக்கும் வளையலைப் படம் எடுத்து வையுங்கள். கைப்பைக்கு ஏங்குவோருக்குப் பழைய பர்ஸில் ஒரு ரிங்கிட் நோட்டுகள் நாலைந்து போதும்.

ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படி ஆணியில் ஒரு 555 புத்தகம் (கையடக்கக் குறிப்பேடு) தொங்க வேண்டும். ஐந்தே விஷயம்: எத்தனை கோப்பைத் தண்ணீர், என்ன சாப்பிட்டார், வெளிக்குப் போனாரா, எவ்வளவு தூங்கினார், புதிதாக என்ன மாத்திரை. இது எதற்கென்றால், மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல முற்றும். இரண்டே நாளில் தலைகீழாக மாறினால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைவது, சளிக்கு வாங்கிக் கொடுத்த மஞ்சள் நிறக் குளோர்பெனிரமின் மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். அன்றே கிளினிக்குக் கூட்டிப் போய் மிஸ்ஸியிடம் (தாதி) புத்தகத்தைக் காட்டினால் காரணம் சீக்கிரம் பிடிபடும். “பேய் புகுந்துடுச்சு” என்று உங்களிடம் மந்திரிக்கக் கூட்டிவந்தால், விபூதி பூசிய கையோடு கிளினிக்குக்கும் அனுப்பிவையுங்கள்.

இனி அரசாங்க உதவி. சமூக நல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025 முதல் மாதம் 600 ரிங்கிட். கிடைத்தால் ஒரு வீட்டின் 660இல் பெரும்பகுதி அடைபடும். நம் பகுதிக்கான அலுவலகம் கோலகங்சார் மாவட்டத்தில். பிள்ளைகளின் வருமானத்தையும் பார்ப்பார்கள். ஜொகூரில் இருக்கும் மகனுக்கும் வீட்டுக்கடனும் பிள்ளைகுட்டிகளும் இருந்தால் அதற்கான தாள்களை மனுவோடு சேர்த்தே கொடுக்க வேண்டும், பிறகு வாயால் சொல்லிப் பயனில்லை. படுத்த படுக்கையாக இருப்போரைப் பராமரிப்பவருக்கு வேறோர் உதவி உண்டு. நடமாடும் மறதி நோயாளிக்கு அது பொருந்தாது. அலைந்து திரிபவரைப் பார்ப்பதுதான் அதிக வேலை என்பது மனுத்தாளுக்குத் தெரியாது!

மாற்றுத்திறனாளி அட்டை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. மறதி நோய் மனநலப் பிரிவில் வரும். அதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு மனநலச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். நம் ஆட்கள் மனநல மருத்துவர் என்றதும் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையை நினைத்துப் பின்வாங்குகிறார்கள். கிளினிக்கில் மாதாமாதம் இனிப்புநீர் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு ஆண்டு தொடங்கவே தொடங்காது. நோய் சந்தேகம் வந்த முதல் மாதமே பரிந்துரைக் கடிதம் வாங்கிவிட வேண்டும். வெளிநோயாளியாகப் போய் வருவதுதான், யாரையும் உள்ளே பூட்டிவைக்கப் போவதில்லை என்று செயலவையினர் ஒருவர் சொன்னால் குடும்பங்கள் கேட்கும். நாங்கள் சொன்னால் அத்தனை எடுபடுவதில்லை.

வருமான வரி கட்டும் பிள்ளை இருந்தால், பெற்றோர் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. மருத்துவர் சான்றும் பராமரிப்பாளர் கையெழுத்திட்ட ரசீதும் தேவை. தன்னையோ, கணவன் அல்லது மனைவியையோ, தன் பிள்ளையையோ பராமரிப்பாளர் என்று காட்ட முடியாது.

மண்டபத்துக்கு வருகிறோம். நான்கு பேருக்கு மேல் கூட்டினால் பதிவு, தீயணைப்புத் துறை என்று அலைய வேண்டிவரும் என்பது உங்கள் பயம். நியாயமான பயம்தான். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, நான்கு பேரோ அதற்கு மேலோ, ஒரு நாளில் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளாவது இருந்தால்தான் பகல்நேரப் பராமரிப்பு மையம். நாங்கள் கேட்பது வாரம் இரண்டு நாள், 9 முதல் 11.30 வரை. ஆனாலும் நல இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தெரிவித்துவிடுவோம்.

திங்கள், வியாழன் சரியாக இருக்கும். செவ்வாய், வெள்ளி கூட்டமும் மேளமும் அவர்களைக் கலவரப்படுத்தும். எட்டு முதியோர், மூன்று உதவியாளர். ஒலிபெருக்கி அணைந்திருக்க வேண்டும். கோயில் கழிப்பறையின் ஈரத்தரைதான் எங்களுக்குப் பெரிய கவலை: ஒரு கழிப்பறையிலாவது உட்காரும் கோப்பை, சுவரில் திருகிய கைப்பிடி, வழுக்காத விரிப்பு வேண்டும். துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடி என்று பொருத்திவிடாதீர்கள். ஆள் பாரம் தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வரும். வாசல் கேட்டுக்கு உள்ளே இருந்து எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போதும். சங்கிலிப் பூட்டு வேண்டாம். நெருப்பு என்றால் சாவி தேட நேரமிருக்காது.

அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? பூக் கட்டுவார்கள். பருப்பில் கல் பொறுக்குவார்கள். தென்னோலை ஈர்க்கு உரிப்பார்கள். ஆயுள் முழுக்க உழைத்த கைகள். பெயர் மறந்தாலும் முடிச்சுப் போட மறப்பதில்லை. அன்று கட்டும் சரத்தை அம்மனுக்கே சாத்தலாம். அந்தக் காலத்தில் தாய்மார் வெட்டுக்குப் போக, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப்போவார்கள். அதே ஏற்பாடுதான், வயது மட்டும் மாறியிருக்கிறது.

ஈப்போவில் பேராக் டிமென்ஷியா சங்கம் இருக்கிறது; அங்கே அன்றாடம் கொண்டுபோய்விட வண்டியும் ஆளும் எந்த வீட்டிலும் இல்லை. பழக்குவதற்கு அவர்களைப் போன்றவர்களையும் கிளினிக் மிஸ்ஸிகளையும் இங்கே அழைக்கலாம்.

இன்னும் ஒன்று, இதற்குக் காசே வேண்டாம். ஒரு முதியவர் காணாமல் போனால் உங்கள் ஒலிபெருக்கியை உடனே தாருங்கள். பெயர், உடுத்திய துணியின் நிறம், கடைசியாகப் பார்த்த இடம் மூன்றும் போதும். 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. போலீஸ் புகாரை அப்போதே கொடுக்கலாம். இளைஞரணி முதலில் பார்க்க வேண்டியது ஆறு, வாய்க்கால், பிறகு அவர் குடியிருந்த பழைய லயம், வேலை செய்த பழைய வெட்டு நிரை. செம்பனை வரிசைக்குள் நுழைந்துவிட்டால் எல்லாத் திசையும் ஒன்றுபோல் இருக்கும், அவர் திரும்பாமல் நடந்துகொண்டே இருப்பார். ஆகவே முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். 20 நிமிடம் போதும். வீடுகளின் பட்டியல், பணிக்கு முன்வந்துள்ள பெண்களின் விவரம், முதல் ஆறு மாதத்துக்கான வரவுசெலவு ஆகியவற்றோடு வருகிறோம். ஒரே கோயிலால் 660 முடியாதென்றால் மூன்று கோயில்கள் ஆளுக்கு 220 போட்டாலும் சரி. மண்டபம் தர இயலாத கோயில் அந்தக் கழிப்பறைக் கைப்பிடியையாவது பொருத்திவிடட்டும். பௌர்ணமி பூசைக்குக் கூட்டிவரவேனும் எங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பெற்றோரைப் பராமரிக்கும் குடும்பங்கள்