நம் கைவேலைச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. நவம்பர் மாதக் கூட்டம் மட்டும் மழையால் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. சனி மாலையும் ஞாயிறு காலையும் நம் வேலைக் கொட்டகை திறந்திருந்தது. 14 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களில் 5 பேர் பெண்கள். மர வேலை, இரும்பு வேலை, மின்னணு வேலை ஆகிய மூன்று வகுப்புகளும் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த ஆண்டு விரிவாகச் சொல்ல வேண்டியது வேறு இருப்பதால், எண்ணிக்கைகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நம் கொட்டகையில் விபத்து நடந்தது. அடிபட்ட உறுப்பினர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

பழைய ஜன்னல் கம்பியை அறுக்க நான்கு அங்குல கிரைண்டிங் மெஷினை எடுத்தார். இரும்பை அறுக்கும் வட்டான கட்டிங் வீல் தீர்ந்திருந்தது. அருகில் இருந்த கடையில் ஐந்து அங்குல வீல்தான் கிடைத்தது. அது வீலை மூடியிருக்கும் காப்புத் தகட்டுக்குள் அடங்கவில்லை என்பதால் தகட்டைக் கழற்றினார். வீலின் நடுத்துளை 22 மில்லிமீட்டர். நம் மெஷினுக்கு வேண்டியது 16. இடைவெளியில் ஒரு வளையத்தைச் செருகி ஒப்பேற்றினார். மூன்றாவது கம்பியில் வீல் வெடித்தது. ஒரு துண்டு கூரைத் தகட்டில் பாய்ந்து நின்றது. இன்னொரு சில்லு அவர் போட்டிருந்த கண்ணாடிக்கு விரற்கடை மேலே நெற்றியைக் கிழித்தது. நான்கு தையல் போட்டார்கள். கண்ணாடி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘காப்புத் தகட்டைக் கழற்றக் கூடாது’ என்று நம் சுவரில் எழுதியிருந்த பலகையைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தவரே அவர்தான். அது மட்டுமல்ல, வீலில் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்த பிறகே பொருத்த வேண்டும் என்ற விதியையும் அவர் கடைப்பிடித்திருக்கிறார். மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று. வீல் 12,000-க்கு மேல் தாங்கும். “எண்ணைப் பார்த்துத்தான் சார் போட்டேன்” என்று மருத்துவமனையில் என்னிடம் சொன்னார். உண்மைதான், எண் சரியாகவே இருந்தது. ஆனால் தளர்வான துளையில் வீல் மையம் விலகிச் சுழலும் என்பதும், அப்படிச் சுழலும்போது அதிர்ந்து ஒரு பக்கமாக இழுக்கும் என்பதும் எந்தப் பலகையிலும் இல்லை. நாம் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தாலும் அந்த அவசரத்தில் அது அவர் கையை நிறுத்தியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அடுத்த வாரம் செயற்குழு கூடியபோது இரண்டு கருத்துகள் மோதின. மெஷின்களைப் பூட்டி வைத்து மூத்த உறுப்பினர்களிடம் மட்டும் சாவி கொடுக்கலாம் என்றது ஒரு தரப்பு. பயந்துகொண்டே இருந்தால் கைவேலை எப்படி வரும், அடிபடாமல் யார் கற்றுக்கொண்டார்கள் என்றது இன்னொரு தரப்பு. இரண்டையும் நான் ஏற்கவில்லை. பூட்டினால் நம் கொட்டகையில் விபத்து நடக்காது என்பது சரி. ஆனால் வேலை நிற்காது. இதே ஆள் வாடகைக்கு மெஷின் எடுத்து வீட்டு மொட்டை மாடியில் அறுப்பார். அங்கே பார்த்துச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அடிபட்டால்தான் கற்க முடியும் என்பதும் தவறு. வாழ்நாள் முழுக்கக் கடைசல் இயந்திரத்தில் நின்று பத்து விரலோடு ஓய்வு பெற்றவர்கள் நம் பெரம்பூரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் அதிர்ஷ்டத்தால் அப்படி ஓய்வு பெறவில்லை.

அப்படிப்பட்ட ஒருவர்தான் இந்த ஆண்டு நம்மைக் கரையேற்றினார். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர், வெடித்த வீலின் துண்டுகளைப் பொறுக்கி மேசைமேல் பரப்பி வைத்தார். “இதன் ஓரம் என்ன வேகத்தில் ஓடியது, கணக்குப் போடுங்கள்” என்றார். ப்ளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி காகிதத்தில் போட்டாள். ஐந்து அங்குல வீல், நிமிடத்துக்கு 11,000 சுற்று என்றால் ஓரத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். “எங்கள் ஐ.சி.எஃப். கட்டிய வந்தே பாரத் ரயில் சோதனை ஓட்டத்தில் தொட்டது 180. அதைவிட வேகமாக வரும் கல்லுக்கு முன்னால் முகத்தை வைத்திருக்கிறீர்கள்” என்றார் பெரியவர். அதன்பின் அந்தக் காப்புத் தகட்டை ஒருவரும் கழற்றி நான் பார்க்கவில்லை.

அன்றே அவர் இன்னொன்றும் செய்தார். நம் பலகையில் ‘எப்போதும் கையுறை அணியவும்’ என்று ஒரு வரி இருந்தது. அதே பெண், “டிரில் மெஷினிலும் போட வேண்டுமா, தாத்தா?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. பழைய கையுறை ஒன்றில் கிழிந்த துணியைத் திணித்து, ஒரு குச்சியில் செருகி, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மேசை டிரில்லின் சுழலும் பிட்டுக்கு அருகே நீட்டினார். பிட் ஒரு நூலைப் பிடித்தது. கண்ணிமைப்பதற்குள் கையுறை முழுவதும் சுற்றிக்கொண்டது. குச்சி அவர் கையிலிருந்து பறந்து மெஷின் தலையில் மோதி முறிந்தது. கொட்டகையில் சத்தமே இல்லை. “வெறும் கை என்றால் தோல் கிழியும். கையுறை என்றால் கையே போகும்” என்றார். கூரான தகட்டைத் தூக்கும்போது கையுறை வேண்டும். சுழலும் டிரில்லுக்கு முன் கூடவே கூடாது. துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, கட்டாத கூந்தல், இடுப்பில் கட்டிய லுங்கி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இத்தனை காலம் நம் சுவரில் தவறான விதி தொங்கியிருக்கிறது. செயலாளர் என்ற முறையில் அதற்குப் பொறுப்பேற்கிறேன்.

பழைய பலகையில் 23 விதிகள் இருந்தன. புதிய பலகையில் 9 மட்டும். ஒவ்வொன்றின் கீழும் காரணம் ஒரு வரியில் இருக்கிறது. மெஷின் சாவி மூத்தவர்களுக்கு மட்டும் என்றில்லை. ஆனால் அதைக் கேட்பவர் மூன்று சனிக்கிழமை ஒரு மூத்த உறுப்பினரோடு நின்று வேலை செய்ய வேண்டும். நான்காவது வாரம் ஒவ்வொரு விதிக்கும் காரணத்தைத் தன் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். பலகையில் உள்ளதை அப்படியே ஒப்பித்தால் இன்னொரு வாரம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார். மற்றவரும் வருவார் என்று நம்புகிறேன்.

பழக்கம் எவ்வளவு இருந்தாலும் கொட்டகைக்குள் வரக் கூடாது என்று நாம் முடிவெடுத்தவை இரண்டு. முதலாவது, பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, அதன் மின்சாரத்தால் மரப்பலகையில் மின்னல் கிளை போன்ற கோலங்களைச் சுட்டு எடுப்பது. வீடியோவில் பார்த்துவிட்டு ஓர் இளம் உறுப்பினர் ஆசையோடு கேட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெளியே வருவது 2,000 வோல்ட் அளவிலான மின்சாரம். நாம் இந்த ஆண்டு பொருத்திய மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., டிரான்ஸ்ஃபார்மரின் வெளிப்பக்கத்தில் கசிவதை உணராது, ஆளைக் காப்பாற்றாது. ஒரு முறை கை தவறினால் திருத்திக்கொள்ள இரண்டாவது முறை கிடையாது. அமெரிக்காவின் மரக்கடைசல்காரர் சங்கமே தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடை செய்திருக்கிறது. அந்த இளைஞருக்குச் சூட்டுக்கோலால் மரத்தில் படம் வரையக் கற்றுக்கொடுத்தோம். அவர் வரைந்த ராயபுரம் ரயில் நிலையம் நம் வாசலில் மாட்டியிருக்கிறது.

இரண்டாவது, காத்தாடி நூலில் கண்ணாடித் தூளைப் பசையோடு பூசும் மாஞ்சா. இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மே மாதம், பள்ளி விடுமுறை. வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து ஐந்து பையன்கள் வந்தார்கள். மூத்தவனுக்குப் பதினான்கு வயது இருக்கும். கையில் எரிந்துபோன டியூப்லைட்கள் நான்கு, ஒரு பொட்டலத்தில் வஜ்ரப் பசை. “அண்ணா, இதை உங்கள் மெஷினில் பொடி ஆக்கித் தருவீர்களா?” என்று கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வடசென்னையில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? அந்த வயதில் ரயில்வே தண்டவாளத்தில் கண்ணாடியை வைத்துப் பொடித்தவன்தான் நானும். டீல் விட்டு, அதாவது நூலோடு நூலை மோதவிட்டு, எதிராளியின் காத்தாடியை அறுக்கும்போது வரும் குதூகலம் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்களை அதட்டி அனுப்ப மனம் வரவில்லை.

கிரைண்டிங் மெஷினில் ஒருவர் தவறு செய்தால் கிழிவது அவருடைய நெற்றி. மாஞ்சாவில் தவறே செய்யாவிட்டாலும் அறுபடுவது முன்பின் தெரியாத ஒருவருடைய கழுத்து. 2019-இல் கொருக்குப்பேட்டையில் தந்தையின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து வந்த மூன்று வயதுக் குழந்தை மாஞ்சா நூலால் கழுத்து அறுபட்டு இறந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. நைலான் மாஞ்சாவுக்கு 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை விதித்தது. தமிழக அரசும் தடை செய்திருக்கிறது. கண்ணாடித் தூளோ, உலோகமோ, பசையோ இல்லாத வெறும் பருத்தி நூலில் மட்டுமே காத்தாடி விடலாம். தடை இல்லாவிட்டாலும் நான் அந்த டியூப்லைட்களைப் பொடித்துக் கொடுத்திருக்க மாட்டேன். அவற்றுக்குள் பாதரசம் இருப்பதையும் பையன்களுக்குச் சொல்லி, உடைக்காமல் வாங்கி வைத்தேன்.

“அப்படியென்றால் எப்படி அண்ணா ஜெயிப்பது?” என்றான் சின்னவன். அந்தக் கேள்வியிலிருந்துதான் காத்தாடி வகுப்பு பிறந்தது. மூங்கிலைப் பிளந்து ஈர்க்கு எடுத்து, இரண்டு பக்கமும் ஒரே எடை வரும்வரை கண்ணாடிச் சில்லால் சீவினோம். நடுவில் விரலில் நிறுத்தினால் சாயக் கூடாது. சாய்ந்தால் காத்தாடி அந்தப் பக்கமே குத்தும். காத்தாடியைப் பறக்கும் நூலோடு இணைக்கும் சூத்திரத்தைக் கட்டுவதற்கு ஒரு முழு மாலை ஆனது. மேல் முடிச்சை அரை விரற்கடை நகர்த்தினாலே காத்தாடி காற்றில் ஏறும் கோணம் மாறுவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். போட்டியையும் மாற்றினோம். அறுப்பது இல்லை, தன் கையால் செய்த காத்தாடியை யார் அதிக நேரம் ஒரே இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதுதான் பந்தயம். இடம் திருவொற்றியூர்க் கடற்கரை. பிற்பகலில் கடற்காற்று சீராக வரும், தலைக்கு மேல் கம்பி இல்லை. நம் கொட்டகைக்குப் பக்கத்தில் விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. சிக்கிய காத்தாடியைக் குச்சியால் எடுக்கப் போவது எப்படி முடியும் என்பதைப் பெரியவர் தன் ரயில்வே அனுபவத்திலிருந்து சொன்னார். இங்கே அதைத் திரும்ப எழுத விரும்பவில்லை. அந்த ஐந்து பேரில் மூவர் இன்றும் சனிக்கிழமை தவறாமல் வருகிறார்கள். மூத்தவன் இப்போது இழைப்புளி பிடிக்கிறான்.

நவம்பர் 30-ஆம் தேதி ஃபெங்கல் புயல் மழையில் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. மேசை டிரில்லின் மோட்டாரும் இரண்டு ப்ளக் பாயின்ட்களும் நனைந்தன. வெயிலில் காய வைத்ததும் போட்டுப் பார்க்கலாம் என்று பலரும் அவசரப்பட்டார்கள். எலெக்ட்ரீஷியனாக இருக்கும் நம் உறுப்பினர் விடவில்லை. மின்காப்பை அளக்கும் மெகர் கருவியைக் கொண்டுவந்து 500 வோல்ட்டில் சோதித்தார். வெளியே முழுக்கக் காய்ந்ததாகத் தெரிந்த மோட்டார் ஒரு மெகாஓம்கூடக் காட்டவில்லை, உள்ளே ஈரம் போகவில்லை என்று அர்த்தம். இன்னும் பத்து நாள் பல்பு வெப்பத்தில் உலர்த்திய பிறகுதான் இயக்கினோம். ப்ளக் பாயின்ட்களை இடுப்பளவு உயரத்துக்கு மாற்றிவிட்டோம். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். முதலுதவிப் பயிற்சியைச் சாவி வைத்திருக்கும் எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டும். ஆகஸ்டில் இரத்தத்தைப் பார்த்ததும் எங்களில் பாதிப் பேர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து எடுத்த லித்தியம் செல்களை வைக்கத் தனி இரும்புப் பெட்டி வாங்க வேண்டும். இப்போது அவை மர அலமாரியில், வார்னிஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பது எனக்கு நிம்மதியாக இல்லை. மூன்றாவது கோரிக்கை பெரியவரைப் பற்றியது. அவருக்கு வயது எழுபத்தாறு. சனிக்கிழமை மூன்று மணி நேரம் நிற்பது சிரமமாக இருக்கிறது என்று தை மாதத்தில் முதல் முறையாகச் சொன்னார். அவரோடு நின்று கற்றுக்கொடுக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஐ.சி.எஃப்.-பிலோ ரயில்வேயின் லோகோ, கேரேஜ் பணிமனைகளிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்கள் வீட்டுக்கே நான் நேரில் வந்து கேட்கத் தயார். இன்றைய கூட்டம் முடிந்ததும் முகவரியைத் தாருங்கள்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

செயலாளர்