பின்சுவரில் பென்சில் கோடு

காட்கோபர், மும்பை

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது.

உத்தராகண்டில், உன் கர்வால் ஸ்ரீநகரில் குளிர் தொடங்கிவிட்டது என்றாயாம். அம்மா கம்பளி வாங்கி வைத்திருக்கிறாள், இந்த வாரம் பார்சல் வரும்.

அங்கே பக்கத்தில் சமோலியில் நடந்ததைப் பற்றி நீ போனில் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. 2021 பிப்ரவரி 7. மழையில்லாத காலை. ரோந்தி சிகரத்தில் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்கா வழியே சேறாக இறங்கி, தபோவன் நீர்மின் திட்டச் சுரங்கப்பாதையில் வேலைசெய்த பிள்ளைகளை மூடிவிட்டது. இருநூறு உயிருக்கு மேல். அந்தச் சரிவில் விரிசல் விட்டிருந்தது முன்பே செயற்கைக்கோள் படங்களில் இருந்தது என்றாயே, அதைக் கேட்டதும் குன்றடியில் விரிசல் விட்டு நிற்கும் நம் வீட்டுப் பின்சுவர்தான் ஞாபகம் வந்தது.

2000 ஜூலையில் இதே காட்கோபரில் குன்று சரிந்து குடிசைகள் புதைந்தன. அன்றிலிருந்து சமையல்கட்டுப் பின்சுவர் விரிசலின் நுனியில் வருஷா வருஷம் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறேன். மழைக்கு முன்னால் குன்று சரியலாம் என்று எச்சரித்து ஒட்டும் நோட்டீஸ் மராத்தியில் இருக்கும். ஆறாம் வகுப்புப் படிக்கையில் நீதான் சந்துப் பெண்களுக்கெல்லாம் அதைத் தமிழில் வாசித்துச் சொல்வாய். அந்த வேலையை விட்டுவிடாதே, தாயி.

கேரளாவில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி தேயிலைத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் மேல் மலை இறங்கியது. 70 பேர், நிறைய பேர் நம் கயத்தாறு பக்கத்துச் சனம். கரண்டும் இல்லை, போனும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 2014-ல் இங்கே புனே பக்கம் மாலின் கிராமம் புதைந்ததை முதலில் பார்த்துச் சொன்னது ஒரு பஸ் டிரைவர். வழக்கமாக நிறுத்தும் ஊரையே காணோம். நானும் பஸ் ஓட்டியவன். அந்த மனுஷனை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

ஆய்வுக்குப் போகிற ஊரில் சரிவை அளந்ததும் ஜீப் ஏறிவிடாதே. ஒரு வீட்டில் உட்கார்ந்து டீ குடி. ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா, மரம் சாய்கிறதா, நேற்றுவரை சாத்திய கதவு இன்று நிலையில் இறுகுகிறதா என்று பெண்களிடம் கேள். அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். உனக்குத் தெரிந்ததை அவர்கள் பேச்சிலேயே சொல்.

இந்த மழையில் விரிசல் போன வருஷக் கோட்டை இரண்டு விரற்கடை தாண்டிவிட்டது. பயப்படாதே, நாலு மாசமும் நாங்கள் தாராவியில் அத்தை வீட்டில்தான் படுத்தோம். கீழே ரோட்டோரம் ஒரு ரூம் பார்த்திருக்கிறேன். டெபாசிட் கொஞ்சம் அதிகம். தீபாவளிக்கு வரும்போது அந்த ரூமுக்குப் பின்னால் இருக்கும் சரிவை நீ ஒருமுறை பார்த்துச் சொல், பேசி முடித்துவிடலாம்.

அப்பா