அப்பாவோடு கூட நின்றவர்களுக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து எழுதுகிறேன். அப்பா முன் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே எழுதக் கிடைத்தது உங்களால்தான்.

அன்று விடிய வாவிக்கரையில் தோணி தள்ளும்போது, "முதுகுக்குள்ள துணி கிழியிற மாதிரி இருக்கு மகள்" என்று மணலில் இருந்துவிட்டார். 1990 இலக்கத்துக்கு அழைத்ததும் வந்த அம்புலன்ஸ் தம்பிமாரே, ஓடி வந்தீர்கள், நன்றி. ஆஸ்பத்திரியில் முதலில் மாரடைப்பு என்று நினைத்து, இரத்தம் கட்டியாகாமல் இருக்க டிகாக்ரெலோர் குளிசை கொடுத்தார்கள். அதற்காக ஒருவரிலும் எனக்குக் கோபமில்லை. இரண்டு நோவும் ஒன்றுபோலத்தான் தொடங்கும். சீடி ஸ்கானில்தான் பெருநாடியின், அதாவது இதயத்தில் இருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயின், உட்சுவர் கிழிந்திருப்பது தெரிந்தது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்யவேண்டும், ஆனால் குளிசை வேலை செய்யும்போது வெட்டினால் இரத்தம் லேசில் நிற்காது. அதன் வேலை அடங்க மூன்று நான்கு நாள் வேண்டுமாம். கிழிந்த நாடி அவ்வளவு பொறுக்காது.

கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். பிரஷர் ஏறினால் கிழிசல் நீளும் என்று, வழி முழுக்க அப்பாவின் கையை விடாமல் அளந்துகொண்டே வந்த தாதி அக்காவை மறக்கமாட்டேன்.

டொக்டர் ஐயா, அந்த அவசரத்திலும் தாளில் படம் கீறிக் காட்டினீர்கள். சத்திரசிகிச்சை நேரம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் ஓடும் இரத்தத்தை ஒரு சிறு உருளைக்குள்ளாலும் விட்டு எடுப்பது. உள்ளே குட்டிக் குட்டி மணிகள், ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். குளிசையின் மருந்தும் அழற்சியைக் கிளப்பும் பொருள்களும் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். இரத்த அணுக்கள் பெரியவை, அவை உள்ளே போகாமல் உடம்புக்கே திரும்பும். "இது மந்திரமில்லை அம்மா, இரத்தப்போக்கைக் குறைக்கக் கைகொடுக்கலாம்" என்றீர்கள். கூட்டிச் சொல்லாத அந்தச் சொல்தான் எனக்குத் தைரியம் தந்தது. இயந்திரத்தை விட்டு அசையாமல் நின்ற தம்பிக்கும் நன்றி. வெளியே வரும்போது உங்கள் முகத்தில் மாஸ்க்கின் தடம் அப்படியே பதிந்திருந்தது.

அப்படியிருந்தும் இரத்தம் தேவைப்பட்டது. புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் காத்தான்குடித் தம்பிமார் கடை பூட்டியதும் வந்து கை நீட்டினார்கள். பெயர் கேட்டேன், "அது எதுக்கு அக்கா" என்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்புறம், பக்கத்து வீட்டு மாமா. அன்று நாங்கள் விட்டுவிட்டு ஓடிய தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்து, ஓலை போட்டு மூடியது நீங்கள்தான். நேற்றுப் பின்னேரம் அப்பா மெல்ல நடந்து போய், ஓலையை விலக்கி அதைத் தடவிப் பார்த்தார்.