கட்டண மனுவைப் படிக்கத் தெரிந்தவர்கள் மதுரைக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கட்டணம் உயரும்போதெல்லாம் ‘உயர்வைத் திரும்பப் பெறு’ என்ற குரல் எழுகிறது. வலி உண்மையானது; ஆனால் கட்டணத்தை நிர்ணயிக்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் அந்த ஒற்றை வரி செல்லாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64-வது பிரிவு, மின்வாரியத்தின் கட்டண மனு வந்த 120 நாளுக்குள், பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்து ஆணை பிறப்பிக்கச் சொல்கிறது. பரிசீலிப்பதற்கு ஆட்சேபத்தில் சரக்கு இருக்க வேண்டும். எந்தப் பக்கம், எந்த அட்டவணை, எந்த எண் தவறு, சரியான எண் எது, அதற்கு ஆதாரம் என்ன என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும்.

2022 ஆகஸ்டில் மதுரையிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இப்படிக் கூட்டம் நம் ஊருக்கே வந்தாலும், பல நூறு பக்க மனுவைப் பிரித்து மேயத் தெரிந்தவர்கள் வழக்கறிஞர்களிலும் ஆடிட்டர்களிலும் தொழில் சங்கங்களிலும் மிகக் குறைவு. இதற்கான பயிற்சி மதுரையிலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

என்ன சொல்லித்தர வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. மின்வாரியம் 100 யூனிட் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 88 யூனிட்டுக்குக் கணக்கு காட்டுகிறது. அந்தத் தொகையில் 95 சதவீதம் வசூலாகிறது. 88-ஐ 0.95-ஆல் பெருக்கினால் 83.6. ஆக மொத்த இழப்பு 16.4 சதவீதம். இது வரை எளிது. அந்த 88-இல் 15 யூனிட் விவசாய பம்ப்செட் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பம்ப்செட்டுகளுக்கு மீட்டர் இல்லை. அந்த 15 ஒரு மதிப்பீடுதான். உண்மையில் ஓடியது 11 யூனிட் என்றால் 88 என்பது 84 ஆகிவிடும், இழப்பு 20.2 சதவீதத்துக்கு ஏறிவிடும். நடுவில் உள்ள நான்கு யூனிட் பழைய கம்பியில் சூடாகிப் போனதாக இருக்கலாம், திருட்டாக இருக்கலாம். தாளில் அது விவசாயி தலையில் ஏறி நிற்கிறது.

இந்த மதிப்பீட்டைச் சோதிக்க வழி இருக்கிறது. 5 ஹெச்பி மோட்டார் என்றால் 3.73 கிலோவாட். மோட்டாரின் திறன் 80 சதவீதம் என்றால் லைனிலிருந்து இழுப்பது சுமார் 4.66 கிலோவாட். ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடினால் 4,660 யூனிட். 1,500 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 7,000. எல்லாம் அந்த மணி நேரத்தில்தான் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரும் மாதங்களில் கிணற்று மோட்டார் ஓய்ந்து கிடக்கும். உசிலம்பட்டி மானாவாரி மண்ணில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு அப்படி ஓய்வு இல்லை. மாதிரி மீட்டர்களை ஒரு பக்கமே வைத்துச் சராசரி எடுத்தால் மொத்த மாவட்டக் கணக்கும் கோணிவிடும். ஃபீடர் (துணை மின்நிலையத்திலிருந்து புறப்படும் மின்பாதை) ரீடிங், டிரான்ஸ்பார்மர் மீட்டர், மும்முனை மின்சாரம் கொடுத்த நேரம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர் எழுதும் ஆட்சேபத்துக்கு ஆணையம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது மின் கொள்முதல். வருவாய்த் தேவையில், அதாவது செலவை ஈடுகட்ட மின்வாரியத்துக்கு ஆண்டுக்கு வேண்டிய மொத்தத் தொகையில், மிகப் பெரிய பங்கு இதுதான். நீண்ட கால ஒப்பந்தத்தில் வாங்கும் அனல் மின்சாரத்துக்கு இரண்டு விலை: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கொடுக்க வேண்டிய நிலைக் கட்டணம், எடுத்த யூனிட்டுக்கு மட்டும் எரிபொருள் கட்டணம். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் காற்றாலை சுழலும்போது அனல் மின்சாரத்தைக் குறைப்பார்கள். நிலைக் கட்டணம் குறையாது. பலர் இரண்டையும் கூட்டி யூனிட்டால் வகுத்துவிட்டு ‘இவ்வளவு விலைக்கு வாங்குவதா’ என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எரிபொருள் விலை மலிவான நிலையம் சும்மா நிற்க, அதிக விலை நிலையம் ஓடியதா? எந்த மாதம், எத்தனை யூனிட்?

தொழிற்சாலைக் கணக்காளர்களுக்கு உடனடிப் பலன் தரும் பாடமும் உண்டு. உயரழுத்த இணைப்பில் மாதத்தின் உச்சத் தேவை (இழுத்த அதிகபட்ச மின்சுமை), அனுமதித்த தேவையில் (மின்வாரியத்திடம் கேட்டு வாங்கிய மின்சுமை) 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் தேவைக் கட்டணம். கப்பலூரில் 200 கேவிஏ (மின்சுமையின் அலகு) வாங்கி வைத்துவிட்டு 120 மட்டுமே தொடும் ஒரு பட்டறை 180-க்குப் பணம் கட்டும். 2022 ஆணையில் இருந்த, கேவிஏ-வுக்கு மாதம் 550 ரூபாய் என்ற வீதத்தில் பார்த்தாலே மாதம் 33,000 ரூபாய் வீண்.

எரிவாயுவையும் இதோடு சேர்த்தே சொல்லித்தர வேண்டும். எண்ணூரிலிருந்து தூத்துக்குடி வரை திட்டமிட்ட குழாய்ப் பாதையின் பெயரிலேயே மதுரை இருக்கிறது. மின்சாரம் தெரிந்தவர்கள் இங்கே வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மின்சாரத்தில் சில்லறைக் கட்டணத்தை ஆணையம் நிர்ணயிக்கிறது. எரிவாயுவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் குழாய்ப் போக்குவரத்துக் கட்டணத்தை நிர்ணயிக்கும். வீட்டு அடுப்புக்கும் வண்டிக்கும் விற்கும் விலையை நிர்ணயிக்க அதற்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. விலையைக் குறைக்கச் சொல்லி அங்கே மனுப் போட்டால் காலம்தான் வீண். மேல்முறையீடு இரண்டுக்கும் ஒரே மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கெடு மட்டும் வேறு: மின்சாரத்துக்கு 45 நாள், எரிவாயுவுக்கு 30 நாள். அளவையும் குழப்பும். மீட்டர் கன மீட்டரில் ஓடும். ஒப்பந்தம் எம்எம்பிடியு என்ற வெப்ப அலகில் இருக்கும். ஓர் எம்எம்பிடியு என்பது 2,52,000 கிலோ கலோரி. கன மீட்டருக்கு 10,000 கிலோ கலோரி என்றால் அது 25.2 கன மீட்டர். 9,500 என்றால் 26.5. வெப்ப மதிப்பைக் கேட்காமல் விலையை ஒப்பிடவே கூடாது.

கான்பூர் ஐஐடியில் ஒழுங்குமுறைப் பயிற்சிகள் நடக்கின்றன. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 2004 முதல் இயங்கும் ஒழுங்குமுறைப் பள்ளி மின்சாரம், எரிவாயு இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது. நமக்குத் தேவை இதே பாடம், தமிழில், உள்ளூர்க் கணக்கோடு. தியாகராசர் பொறியியல் கல்லூரி, காமராசர் பல்கலைக்கழகம், அரசு சட்டக் கல்லூரி மூன்றும் கைகோத்தால் இடமும் ஆளும் உண்டு. 24 சனிக்கிழமை, 30 பேர் போதும். பொறியாளர், வழக்கறிஞர், ஆடிட்டர், விவசாய சங்கத்தார், மின்வாரிய ஊழியர் எல்லோரும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும். ஒருவர் கணக்கை இன்னொருவர் குறுக்குக் கேள்வி கேட்டால்தான் பிழை வெளியே வரும்.

முதல் நான்கு வாரம் பில், மீட்டர். அடுத்த பன்னிரண்டு வாரம் பழைய மனு ஒன்றையும் அதற்கு வந்த ஆணையையும் அட்டவணை அட்டவணையாகக் கணினியில் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். எதிர்பார்த்த செலவுக்கும் தணிக்கையான செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்யும் ட்ரூ-அப் கணக்கு இதில்தான் புரியும். பிறகு நான்கு வாரம் எரிவாயு. மீதி நான்கு வாரம் ஆட்சேபம் எழுதி, மாதிரி விசாரணையில் ஐந்து நிமிடத்தில் பேசிக் காட்டுவது. தெரு டிரான்ஸ்பார்மர் புகாரைக் கட்டண விசாரணைக்குக் கொண்டுவராமல் வட்ட அளவிலான நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், பிறகு மின்குறை தீர்ப்பாளருக்கும் கொண்டுபோவது எப்படி என்பதும் அதிலேயே வர வேண்டும். வெறும் சொற்பொழிவு வைத்துச் சான்றிதழ் கொடுப்பதாக இருந்தால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

2022 ஆணை 2026-27 வரையிலான காலத்துக்கானது. பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் போடும் அடுத்த கட்டண மனு வந்த பிறகு வகுப்பு தொடங்கினால், பாடம் முடியும் முன்பே 120 நாளும் ஓடிவிடும். முதல் அணியை இப்போதே சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மின்கட்டண ஆணைகளைத் தொடர்ந்து படித்துவரும் வாசகர்கள்,
மதுரை.