சிம்கோ ஏரியில கண்ட அந்த அண்ணைக்கு நன்றி

போன சனி காலமை கனடா ஒன்ராறியோவில இருக்கிற சிம்கோ ஏரி மரீனாவில (போட் கட்டுற துறையில) பெற்றோல் அடிச்ச கையோட போட்டை ஸ்டார்ட் பண்ணப் போன என்னை ஓடிவந்து மறிச்ச அண்ணை, உங்கட பேர் கூடக் கேக்க மறந்திட்டன். எஞ்சின் மூடியைத் திறந்து மணந்து பாருங்கோ எண்டியள், திறந்தா குப்பெண்டு பெற்றோல் மணம், ஹோஸ் கிளாம்ப் ஒண்டு இளகி ஒழுகிக்கொண்டு இருந்திருக்கு. பெற்றோல் ஆவி காத்தை விடப் பாரம், அடியிலயே தங்கிடும், ஒழுக்கு இல்லாட்டியும் புளோவரை (எஞ்சின் அறை ஆவியை வெளிய தள்ளுற விசிறியை) 4 நிமிசம் ஓடவிட்டிட்டுத்தான் சாவியைத் திருப்போணும் எண்டு பொறுமையா சொல்லித் தந்தியள். ஆபத்தில சைகை காட்டக் கொளுத்துற ஃபிளேரையும் எடுத்துப் பாத்தியள், செய்த திகதியில இருந்து 4 வருசம்தானாம், எங்கட எப்பவோ முடிஞ்சுது. பிள்ளையள் ரெண்டும் போட்டுக்குள்ள இருந்தவை அண்ணை, இப்பவும் நெஞ்சு பதறுது. இதை வாசிச்சா ஒருக்கா மெசேஜ் போடுங்கோ, வீட்ட கூப்பிட்டு சாப்பாடு தரோணும்.