ஸ்காபரோவில் ஒரு வேலியடைப்பு

ஸ்காபரோ, கனடா,
12.10.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் ஆடியில் எழுதிய கடிதம் ஆவணியிலேயே கைக்கு வந்துவிட்டது. இரண்டு மாதமாகப் பதில் போடாதது என் பிழைதான். ஒவ்வொரு ஞாயிறும் எழுத உட்கார்ந்து நாலு வரியோடு எழும்பிவிடுவேன். நாளைக்கு இங்கே நன்றி சொல்லும் நாள் என்று விடுமுறை, கடை பூட்டு. இன்றைக்கு முடிக்காமல் படுப்பதில்லை.

நான் சுகம். அப்பாவின் கண்ணில் வெண்புரை எடுத்தது ஆறிவிட்டதா? மாமி வீட்டுக்குப் போன் எடுத்தபோது தங்கச்சி ‘பரவாயில்லை’ என்றாள். மேலே கேட்பதற்குள் போன் கார்ட் முடிந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம். தமிழ்க் கடையில் முருங்கைக்காய், ஒடியல் மா எல்லாம் கிடைக்கிறது. வசந்தத்தில் சார்ஸ் காய்ச்சல் வந்து சனம் வெளியே சாப்பிடப் பயந்தபோது நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். இப்போது சரி. திங்களும் செவ்வாயும்தான் எனக்கு வேலை இல்லை. அந்த நாட்களில்தான் இந்த வேலியடைப்பைச் செய்தேன்.

மேல்வீட்டுப் பருத்தித்துறை அண்ணையின் வீட்டுப் பின்கதவோடு ஒட்டி ‘டெக்’ இருக்கிறது. பலகையால் போட்ட திண்ணை மாதிரி, குட்டைத் தூண்களில் நிற்கிறது. கீழே இரண்டடிக்கு மேல் வெறுமை. என் நிலவறை யன்னல் அந்த வெறுமைக்குள்தான் திறக்கும். போன மாதம் அதற்குள் ஒரு ஸ்கங்க் குடிவந்துவிட்டது. பூனையளவு, கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு. பயந்தால் வாலைத் தூக்கிப் பீச்சும். ஒரு இரவு யன்னலால் வந்த நாற்றம் என் உடுப்பெல்லாம் ஏறி, கிழமைக் கணக்கில் போகவில்லை. ‘நீயே அடை தம்பி, வாடகையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றார் அண்ணை. உதவிதானே என்று செய்தேன்.

உள்ளே பிராணி இருக்கும்போது அடைத்துவிடக் கூடாது. இதைச் சொல்லித் தந்தவர் பக்கத்து வளவு இத்தாலிக்காரக் கிழவர். அவரைப் பற்றி முன்பே எழுதினேன், பனிக்காலம் வருமுன் தன் அத்திமரத்தை வளைத்துப் பள்ளத்தில் படுக்கவைத்து மண்ணால் மூடுகிறவர். சித்திரையில் கிளப்பி நிமிர்த்துவார், அது திரும்பத் துளிர்க்கும். நான் கண்ணால் கண்டேன். அவர் சொன்னபடி பொழுதுபட வாசலில் கோதுமை மாவைத் தூவிவிட்டேன். விடிய வெளியே போன காலடி தெரிந்தது. பிறகு ஓட்டையில் பத்திரிகைத் தாளைத் தளர்வாக அடைத்து மூன்று இரவு பார்த்தேன். தாள் அசையவில்லை. வசந்தமென்றால் குட்டிகள் இருக்கும், பொறுத்திருக்க வேண்டும். ஐப்பசி என்பதால் அந்தப் பயம் இல்லை.

தோண்டுமுன் ஒன்ராறியோ ஒன் கோல் என்ற இடத்துக்கு அண்ணை போன் பண்ணினார். காசில்லாமல் வந்து, காஸ் குழாய் போகும் வழியை மஞ்சளில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு விலகி ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை இறக்கி, அடிப்பக்கத்தை வெளியே மடித்துப் புதைத்தேன். தோண்டி வரும் பிராணி மடிப்பில் முட்டித் திரும்பிவிடும்.

அதன்மேல்தான் லாட்டிஸ். மெல்லிய சட்டங்களைக் குறுக்கும் மறுக்குமாக அடித்த தட்டி, எட்டடிக்கு நாலடி. மூன்று பக்கமும் சேர்த்து நாற்பதடி. ஒவ்வொரு தட்டியையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்ததில் மூன்று தட்டி போதுமாக இருந்தது. தட்டியின் அடி மண்ணில் படக்கூடாது, இரண்டு அங்குலம் விடவேண்டும். பனிக்காலத்தில் ஈர மண் உறைந்து வீங்கி மேலே தள்ளுமாம், தொட்டுக்கொண்டிருந்தால் தட்டி வெடித்துவிடும். ஆணியும் சாதா இரும்பு சரிவராது, நாகம் பூசின திருகாணிதான். உக்காமலிருக்க மரத்தில் ஏற்றிய மருந்து சாதா ஆணியைத் தின்றுவிடும். வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பார்த்ததும் அடுப்புக்கு நீங்கள் பொறுக்கி வைப்பீர்களே என்று நினைத்தேன். ஆனால் மருந்து மரத்தை எரிக்கவே கூடாது, புகையும் சாம்பலும் நஞ்சு.

கிழவர் தன் மின்வாளைத் தந்துவிட்டு, வேலிக்கு மேலால் ‘பியானோ, பியானோ’ என்றபடி நின்றார். அவர் பாஷையில் மெதுவாக, மெதுவாக. ஊரில் கிடுகு வேலி அடைக்கும்போது அப்பா குத்தூசியை இந்தப் பக்கத்தால் குத்த, மறுபக்கத்தில் நின்று நான் கயிற்றைக் கோத்துவிடுவேனே, அப்போது அப்பாவும் ‘ஆறுதலாக, ஆறுதலாக’ என்பார். இங்கே மறுபக்கத்தில் பிடிக்க ஆளில்லை. தட்டியை முழங்காலால் தாங்கிக்கொண்டு முடுக்கினேன்.

முடித்த அடுத்த நாள் காலை, தட்டியின் கண்களால் வெயில் புகுந்து என் சுவரில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. கிடுகு வேலியால் நம் முற்றத்தில் விழுகிற அதே வெளிச்சம். எங்கே கிடக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. நீங்கள் முற்றம் கூட்டும் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன். ஓகஸ்ட் 14 இல் மாகாணத்தின் பெரும்பகுதியில் கரண்ட் போன இரவும் அப்படித்தான். ஸ்காபரோவில் நட்சத்திரம் தெரிந்தது. எல்லோரும் வெளியே கதிரை போட்டுக் கதைத்தார்கள். நான் உள்ளே வந்து படுத்துவிட்டேன்.

சரி, வேலி என்றதும் உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பெரியப்பா கிணற்றடிப் பக்க வேலிக் கதியாலை அரை அடி இங்கால் நட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, நீங்கள் போய்க் கதைக்க வேண்டாம், அப்பாவையும் அனுப்ப வேண்டாம். காணி உறுதி தகரப் பெட்டியில், பாட்டியின் சேலைக்கு அடியில் இருக்கிறது. அதில் பூவரசமரம்தான் மூலை என்று தெளிவாக இருக்கிறது. காணி அளக்கும் சேவயரைக் கூப்பிட்டு இருவர் முன்னாலும் அளக்கட்டும். காசை நான் மார்கழியில் அனுப்புகிறேன், தீபாவளிக்கு முடிந்ததைக் காசு மாற்றும் உண்டியல்காரர் மூலம் அனுப்பியிருக்கிறேன். அதுவரை கதியாலைப் பிடுங்க வேண்டாம். தங்கச்சியின் பேச்சு நடக்கிற நேரத்தில் பெரியப்பா வீட்டோடு முகம் முறிந்தால் சபையில் வந்து நிற்க ஆளிருக்காது. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், போனில் வேண்டாம்.

மாரிக்கு முன் கிடுகு மாற்றுவதென்றால் சந்திக்கடை அண்ணையிடம் சொல்லி நூறு கிடுகு எடுங்கள், கணக்கை நான் பார்க்கிறேன். எதை அடைத்தாலும் பின்பக்க வேலியில் பிள்ளைகள் நுழைகிற பொட்டை மட்டும் அடைக்க வேண்டாம். பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் அதனால்தானே உங்களிடம் வருகிறார்கள்.

உங்கள் மூத்தவன்