விமானத்தில் வேட்டைத் துப்பாக்கி: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் துப்பாக்கியோடு விமானம் ஏறுவதைப் பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையைப் படித்தோம். ‘முன்கூட்டியே அனுமதி பெற்றால் கொண்டு செல்லலாம்’ என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்திருந்தார்கள். உள்நாட்டுப் பயணத்துக்கு அரசிடம் பெற வேண்டிய முன் அனுமதி என்று எதுவும் கிடையாது. பயணத்தன்று விமான நிறுவனத்தின் கவுண்டரில் நேரில் சொல்ல வேண்டும், விதி அவ்வளவுதான். மாட்டிக்கொள்கிறவர்கள் மாட்டுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள சின்ன விஷயங்களில். உங்கள் வாசகர்கள் பலருடைய பிள்ளைகள் டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் வேட்டைப் பழக்கம் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு என்பதால் எழுதுகிறோம்.

முதலில் விசா. எச்1பி (வேலை), எஃப்1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. விசாக்காரர்களுக்குள்ள முக்கியமான விலக்கு, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். டெக்சாஸில் அதை எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். மறுநாளே, செப்டம்பர் 1 அன்று, மாநிலத்தின் பெரும்பகுதியில் புறா வேட்டை தொடங்குகிறது. பழைய உரிமத்தைப் பர்சில் வைத்துக்கொண்டு அன்று காலை பெட்டியோடு கிளம்பும் எச்1பி காரர், விமான நிலையத்தில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சட்டத்தை மீறியவர்தான். துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்துவதற்கே அது காரணமாகலாம். கட்டுரையில் இது ஒரு சொல்கூட இல்லை.

அடுத்தது பெட்டி. கட்டுரையோடு வந்த படத்தில் ரைஃபிள் துணி உறையில் இருந்தது. அந்த உறையோடு போனால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கெட்டியான பக்கங்களுள்ள பெட்டி வேண்டும், அது பூட்டியிருக்க வேண்டும், பூட்டிய பிறகு உள்ளே கை போக வழி இருக்கக்கூடாது. விலை மலிவான பிளாஸ்டிக் பெட்டிகள் இந்த மூன்றாவதில்தான் தோற்கும். நடுவில் இரண்டு பூட்டு கம்பீரமாகத் தொங்கும். ஓரத்தைப் பிடித்து நெம்பினால் மூடி வளைந்து குழலின் முனை எட்டிப் பார்க்கும். வீட்டிலேயே பூட்டிவிட்டு நான்கு மூலையையும் ஒருமுறை நெம்பிப் பாருங்கள். பூட்டுத் துளை எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் பூட்டு போடுங்கள். சாவி பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும். சூட்கேஸுக்குப் போடுகிற, பாதுகாப்பு ஊழியர்கள் பொதுச் சாவியால் திறக்கக்கூடிய ‘டிஎஸ்ஏ’ பூட்டையும் விதி தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பொதுச் சாவிகளை அச்சடித்தெடுக்கும் கோப்புகள் 2015-லேயே இணையத்தில் வெளிவந்துவிட்டன. பத்து டாலர் கூடுதலாகக் கொடுத்துச் சாதாரண நல்ல பூட்டாக வாங்குவதே புத்தி.

பெட்டிக்குள் வைக்கும் முன் போல்ட்டை, அதாவது தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் உலோகத் தண்டை, கழற்றிவிடுங்கள். விதி அதைக் கேட்கவில்லை. ஆனால் போல்ட் இல்லாத ரைஃபிளின் பின்பக்கம் பார்த்தால் குழல் வழியாக வெளிச்சம் தெரியும், அறை காலி என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கழற்றிய போல்ட்டும் அதே பெட்டியில்தான் இருக்க வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று கைப்பையில் போட்டால் சோதனையில் பிடிபடும். போல்ட், தோட்டா அடுக்கும் மேகசின், தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் எல்லாமே கைப்பையில் தடை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் மட்டும் தனியாகக் கைப்பையில் வரலாம். காற்றுப் புகாத ரப்பர் விளிம்புள்ள பெட்டி என்றால் அதிலுள்ள சிறு வால்வைப் பாருங்கள். கையால் திருகும் வகையாக இருந்து அதைத் திறக்க மறந்தால், மேலே குறைந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் காற்று கொஞ்சம் கசிந்து வெளியேறிவிடும், கீழே இறங்கியதும் வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்தில் இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தாலும் வராது.

கவுண்டரில் பேசும் விதமும் முக்கியம். ‘ஐ ஹேவ் எ கன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் பதறிப்போவார். குண்டு ஏற்றாத ரைஃபிள் ஒன்றைச் செக்-இன் சாமானில் டிக்ளேர் செய்ய வேண்டும் என்று சொன்னால் போதும். இயந்திரத்தில் தானாகப் பெட்டி போடும் வசதி இதற்கு ஆகாது. ஊழியரிடம்தான் போக வேண்டும். அவர் ஒரு சிறிய அட்டை தருவார். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று கையெழுத்திட்டு அதைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெளியே ஒட்டச் சொல்லி விமான நிறுவனம் கேட்கவே கூடாது, சட்டம் தடுக்கிறது. திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பானேன்? பெட்டியை ஒப்படைத்தவுடன் காபி குடிக்க ஓடிவிடாதீர்கள். ஊடுகதிர்ப் படத்தில் ஏதாவது சந்தேகம் வந்தால் சாவியோடு உங்களைத்தான் தேடுவார்கள். ஆள் அகப்படாவிட்டால் பெட்டி விமானம் ஏறாது. கால் மணி, இருபது நிமிஷம் அங்கேயே நிற்பது நல்லது.

தோட்டாவுக்கு எடைதான் கணக்கு. பெரும்பாலான நிறுவனங்கள் ஒருவருக்கு 5 கிலோ, அவர்கள் கணக்கில் 11 பவுண்டு, வரை ஏற்கின்றன. .308 ரைஃபிள் தோட்டா ஒன்று ஏறக்குறைய 25 கிராம். இருபது தோட்டா கொண்ட பெட்டி அரைக் கிலோ என்றால், மான் வேட்டைக்காரர் அந்த வரம்பைத் தொடவே போவதில்லை. புறா வேட்டைக்காரருக்குத்தான் இடிக்கும். சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன் துப்பாக்கிக்கான 12 கேஜ் அளவுத் தோட்டா 25 கொண்ட பெட்டி ஒன்றேகால் கிலோவை நெருங்கும். நான்கு பெட்டியோடு வரம்பு முடிந்தது. புறா பறக்கிற வேகத்துக்கு நூறு தோட்டா ஒரு மத்தியானத்துக்குக்கூடக் காணாது, மீதியை அங்கே போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தோட்டா அதற்கென்று செய்த அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியில் இருக்க வேண்டும். ஜிப் பையில் கொட்டி எடுத்துப் போகக்கூடாது. அமெரிக்க உள்நாட்டு விதிப்படி முறையாகக் கட்டிய தோட்டா துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே இருக்கலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறுவதால் அவர்கள் பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் மஸில்லோடர் துப்பாக்கிக்காரர்கள் கவனிக்க: கருமருந்து, அதற்கு மாற்றான பொடிகள், மருந்தைப் பற்றவைக்கும் கேப், பிரைமர் எதற்கும் விமானத்தில் இடமில்லை. கரடி விரட்டும் ஸ்பிரேக்கும் அப்படியே.

இனி, உண்மையில் அதிகம் பேர் மாட்டுவது எதில் என்பதற்கு வருகிறோம். 2023-ல் அமெரிக்க விமான நிலையங்களின் பயணிகள் சோதனை வாயில்களில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு ஏற்றியவை. பிடிபட்டவர்களிடம் வழக்கமாக வரும் பதில், பையில் இருந்ததே மறந்துவிட்டது என்பது. அபராதம் ஆயிரக்கணக்கான டாலர். துப்பாக்கியில் குண்டு இல்லாவிட்டாலும் எட்டும் தூரத்தில் தோட்டா இருந்தால், அபராதக் கணக்கில் அது குண்டு ஏற்றியதற்குச் சமம். காத்திருக்காமல் போக உதவும் ‘பிரீசெக்’ வசதியும் பறிபோகும்.

முறையாகப் பெட்டியில் பூட்டி டிக்ளேர் செய்கிற வேட்டைக்காரர் துப்பாக்கியை மறக்கமாட்டார். அவர் மறப்பது ஒற்றைத் தோட்டாவை. .22 தோட்டா சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். பையின் அடியில் அட்டைக்கும் துணிக்கும் இடையே புகுந்துவிட்டால் கவிழ்த்து உதறினாலும் விழாது. வேட்டைச் சட்டையில் பாக்கெட் கிழிந்து, உள் துணிக்குள் இறங்கி முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். காதடைப்பு வைக்கும் உறை, பூட்ஸ், பைனாகுலர் உறை என்று எதையும் நம்ப முடியாது. இதற்கு நாங்கள் அறிந்த மருந்து ஒன்றுதான்: காட்டுக்குப் போகும் பை வேறு, பயணப் பை வேறு. காட்டுப் பையில் சட்டை துணி வைத்து ஊருக்குக் கிளம்புகிற பழக்கமே கூடாது.

இன்னொரு பொறி, இடையில் தங்க நேரும் இரவு. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுத்தால், நடுவில் உள்ள மாநிலங்களைக் கடந்து போக 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருக்கும் வரைதான். 2005-ல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் நியூஜெர்சியின் நியூவார்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஒழுங்காகக் கவுண்டரில் வந்து சொன்னார். அங்கேயே கைது செய்தார்கள். வழக்கு பிற்பாடு கைவிடப்பட்டது. ஆனால் தம்மைக் கைது செய்தது தவறு என்று அவர் போட்ட வழக்கு 2010-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. பெட்டி இரவில் கைக்கு எட்டும்படி இருந்ததே காரணம். ஆகவே நியூயார்க், நியூஜெர்சி வழியாக மாறிப் போகும் டிக்கெட்டைத் தவிர்ப்பது நல்லது. விமானம் தவறினால் பெட்டியைக் கையில் வாங்காமல், மறுநாள் வரை விமான நிறுவனத்தின் பொறுப்பிலேயே வைத்திருக்கச் சொல்ல வேண்டும்.

எல்லை தாண்டுவதென்றால் காகிதம் கூடும். கனடாவுக்குள் வேட்டை ரைஃபிள் கொண்டுபோகும் வெளிநாட்டவர் உரிய படிவத்தை நிரப்பி, கையெழுத்திடாமல் கொண்டுபோய்ச் சுங்க அதிகாரி முன்னால் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டால் வேறு படிவம் எழுத வேண்டியிருக்கும். கட்டணம் 25 கனடா டாலர், 60 நாளுக்குச் செல்லும். தென்னாப்பிரிக்காவுக்கும் தனிப் படிவம் உண்டு. அதுவும் போலீஸ் அதிகாரி முன்னால்தான் கையெழுத்து. அமெரிக்காவிலிருந்து கிளம்பும் முன் 4457 என்ற படிவத்தில் துப்பாக்கியின் எண்ணைப் பதிந்து சுங்க முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைக் காட்டினால்தான் முத்திரை விழும். திரும்பும்போது இது உங்களுடையதுதான் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

போய்ச் சேர்ந்தபின் பெட்டியைத் தடபுடலாகத் திறக்க வேண்டாம். விமானத்தின் அடியிலும் ஓடுதளத்திலும் குளிர்ந்து கிடந்த இரும்பைச் சூடான அறையில் வெளியே எடுத்தால் மேலெல்லாம் முத்து முத்தாக நீர் கோக்கும், குழலுக்குள்ளும் கோக்கும். ஓரிரு மணி நேரம் மூடியபடியே விட்டுவிட்டு, பிறகு திறந்து துடைத்து, ஸ்கோப் வளையத் திருகுகளைச் சரிபார்த்து, காட்டுக்குள் போகும் முன் 100 கஜத்தில் மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். சாமான் ஏற்றி இறக்குபவர்கள் பெட்டியைப் போடுகிற வேகத்துக்கு, குறி இரண்டு அங்குலம் தள்ளிப்போயிருந்தால் வியப்பில்லை.

கடைசியாக, சென்னைக்கு வருகிறவர்களுக்கு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்கு வேட்டைக்குத் தடை; வேட்டைத் துப்பாக்கியை இங்கே கொண்டுவரும் பேச்சே வேண்டாம். துப்பாக்கிக்கு மட்டுமல்ல, ஒரே ஒரு தோட்டாவுக்கும் ஆயுதச் சட்டம், 1959 பொருந்தும். தெரியாமல் பையில் வந்தது என்ற வாதத்தை நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஏற்றிருக்கின்றன. ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் முன் முதல் தகவல் அறிக்கை, தவறிய விமானம், வக்கீல், மாதக்கணக்கில் வாய்தா என்று எல்லாவற்றையும் கடக்க வேண்டும். கட்டுரையின் இறுதியில், நண்பர்களுக்கு நினைவுப் பொருளாகச் சுட்ட தோட்டாவின் பித்தளைக் குப்பியையோ தோட்டாவில் செய்த சாவிக்கொத்தையோ வாங்கி வரலாம் என்று யோசனை சொல்லியிருந்தார்கள். ஊடுகதிர்த் திரையில் அதுவும் தோட்டா மாதிரிதான் தெரியும், சுட்டதா சுடாததா என்று திரை சொல்லாது. தயவுசெய்து அந்த யோசனையைத் திரும்பப் பெற்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்